ஒரே கட்டடம், நாலு குடி, ஒரு பேங்க் நோட்டீஸ்

பெங்களூரில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு லீஸ் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் ஒத்தி, போக்கியம் என்கிற அதே ஏற்பாடுதான். எட்டு லட்சமோ பதினைந்து லட்சமோ மொத்தமாக ஓனரிடம் கொடுத்துவிட்டால் இரண்டு மூன்று வருஷத்துக்கு வாடகை கிடையாது. காலி செய்யும்போது அந்தப் பணம் அப்படியே திரும்ப வர வேண்டும். பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை. சம்பளத்தில் பாதியை வாடகைக்கே கொட்டி அலுத்துப்போன குடும்பங்கள் ஊரில் இருந்த துண்டு நிலத்தை விற்றோ, நகையை வைத்தோ, பி.எஃப். பணத்தை எடுத்தோ லீஸுக்குப் போகும். லிங்கராஜபுரம், ராமமூர்த்தி நகர், விவேக் நகர், ஸ்ரீராமபுரம் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கதை தெரியாதவர்கள் குறைவு.

நாங்கள் லிங்கராஜபுரத்தில் அப்படி ஒரு வீட்டில் 2019 முதல் 2024 ஆரம்பம் வரை இருந்தோம். கீழே மளிகைக் கடை, மேலே இரண்டு வீடு, மொட்டை மாடியில் ஷீட் போட்ட ஒரு அறை. ஓனர் வேறு ஏரியாவில் இருந்தார். ஆக, அந்தக் கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும் அடுத்தவர் சொத்தில் இருந்தவர்கள்தான். 2023-ல், ஓனர் வாங்கிய கடனுக்காகப் பேங்க் கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியது. எல்லோருக்கும் அதே நோட்டீஸ்தான், ஆனால் நாலு குடிக்கும் நாலு விதமாக முடிந்தது. லீஸுக்குப் போக நினைப்பவர்களுக்கு உதவுமே என்று அதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. மேயோ ஹால் கோர்ட்டில் பிராக்டிஸ் பண்ணும் எங்கள் வக்கீல் மேடம் சொன்னதும், அப்புறம் நானே சட்டத்தை எடுத்து வைத்துப் படித்ததும்தான் இதில் இருக்கிறது.

முதலில் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். கடை அண்ணாச்சியுடையது. மாத வாடகை, எழுத்தில் எதுவும் இல்லை, கூகுள் பே ரசீதுகள்தான் சாட்சி. முதல் மாடியில் ஓசூர் பக்கத்துக் குடும்பம். அண்ணன் கேப் ஓட்டுகிறார், அக்கா கார்மென்ட்ஸில் வேலை. 2021-ல் பதினாலு லட்சத்துக்கு வந்தார்கள். ஸ்டாம்ப் பேப்பரில் பதினோரு மாத அக்ரிமென்ட், நோட்டரி சீல், அவ்வளவுதான். இரண்டாம் மாடியில் நாங்கள், பத்து லட்சம். மொட்டை மாடி அறையில் திருவண்ணாமலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவரும் அவர் மனைவியும். கட்டடம் கட்டும்போது வாட்ச்மேனாக வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். காவிரித் தண்ணீர் வரும் நாளில் சம்ப் நிரம்புகிறதா பார்ப்பது, மோட்டார் போடுவது, மாடிப்படி பெருக்குவது அவர் வேலை. வாடகை கொடுப்பதில்லை.

எங்கள் பத்திரம் மட்டும் பதிவு ஆனதற்குக் காரணம் என் அப்பா. வாணியம்பாடியில் பத்திர எழுத்தராக இருந்தவர். லீஸ் பேச்சு முடிகிற நேரத்தில் பஸ் ஏறி வந்துவிட்டார். புரோக்கர், "இங்க யாரும் ரெஜிஸ்டர் பண்றதில்ல சார், நோட்டரி போதும்" என்றார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உங்களுக்குப் போதும், பணம் குடுக்கறது என் மாப்பிள்ளையாச்சே" என்றார். ஓனர் முகம் மாறியது. பதிவு செய்தால் வில்லங்கச் சான்றில் ஏறும், நாளைக்கு விற்கவோ கடன் வாங்கவோ போனால் கேள்வி வரும் என்பதுதான் ஓனர்களுக்கு இருக்கும் தயக்கம். அதோடு செலவு வேறு. சுவாதீனத்தோடு, அதாவது வீட்டை நம் கைவசம் விட்டு வைக்கும் அடமானம் என்று எழுதினால் முத்திரைத் தீர்வை அதிகம். லீஸ் என்று எழுதினால் குறைவு. இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு, தீர்வையும் பதிவுக் கட்டணமும் நாங்களே கட்டுகிறோம் என்றதும் ஒத்துக்கொண்டார். 2019 ஜூனில் ஐந்து வருஷ லீஸ் பத்திரம் பதிவானது. அதில் அப்பா தன் கையால் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: லீஸ் தொகை முழுவதும் திரும்பக் கொடுக்கப்படும் வரை சுவாதீனம் குத்தகைதாரரிடமே இருக்கும்.

பதிவு ஏன் இவ்வளவு முக்கியம்? சொத்து மாற்றச் சட்டம் 1882-ல் வந்தது. அதன் 107-ஆம் பிரிவுப்படி ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட வீட்டு லீஸ் பதிவு செய்த பத்திரத்தால்தான் ஏற்படும். லீஸ் என்று எழுதாமல் போக்கிய அடமானம் என்று எழுதினாலும் தப்பிக்க முடியாது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அடமானத்துக்குப் பதிவும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்கிறது 59-ஆம் பிரிவு. நோட்டரி சீல் என்பது கையெழுத்துப் போட்டது இன்னார்தான் என்பதற்கு ஒரு சாட்சியம், அவ்வளவே. அது பதிவுக்குப் பதில் ஆகாது. பதினோரு மாத அக்ரிமென்ட் என்ற வழக்கமே இந்த ஒரு வருஷ எல்லைக்குள் அடங்குவதற்காக வந்ததுதான். மாதம் பன்னிரண்டாயிரம் வாடகைக்கு அது சரி. பதினாலு லட்சத்தைப் பதினோரு மாதப் பேப்பரை நம்பிக் கொடுப்பது வேறு விஷயம்.

பேங்க் வருவதற்கு முன்னாலேயே ஓனரோடு ஒரு மோதல் வந்தது. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். 2022 கடைசியில் அவர் தவணை கட்ட முடியாமல் திணறிக்கொண்டிருந்திருக்கிறார். எங்களுக்கு அது தெரியாது. கட்டடத்தைத் தானே விற்றுக் கடனை அடைத்துவிடலாம் என்று நினைத்து, வாங்க வந்தவரிடம் காலியாகத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார் போல. பொங்கலுக்கு முதல் மாடிக் குடும்பம் ஊருக்குப் போயிருந்தது. திரும்பி வந்தால் அவர்கள் பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டு. பெட்டி படுக்கையோடு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். குழந்தையின் ஸ்கூல் பை உள்ளே. ஓனர் போனில், "அக்ரிமென்ட் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு, காலி பண்ணுங்க, பணம் அப்புறம் தரேன்" என்கிறார். ஸ்டேஷனுக்குப் போனால், இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க என்றார்கள்.

அன்றைக்குத்தான் வக்கீல் மேடத்தை முதன்முதலில் பார்த்தோம். அவர் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அக்ரிமென்ட் முடிந்திருந்தாலும் சரி, பதிவு இல்லாவிட்டாலும் சரி, உள்ளே குடியிருப்பவரை ஓனரே ஆனாலும் பூட்டுப் போட்டு வெளியேற்ற முடியாது. கோர்ட் வழியாகத்தான் போக வேண்டும். 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் 6-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது: சம்மதம் இல்லாமல், சட்ட வழி இல்லாமல் சுவாதீனத்தை இழந்தவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால் சுவாதீனம் திரும்பக் கிடைக்கும். அந்த வழக்கில் சொத்து யாருடையது என்ற கேள்விக்கே இடமில்லை. யார் இருந்தார், யார் அவரை வெளியே தள்ளினார் என்பதுதான். தீர்ப்புக்கு அப்பீலும் கிடையாது. அரசாங்கத்துக்கு எதிராக மட்டும் இந்தப் பிரிவில் வழக்குப் போட முடியாது. நிலையாகக் குடியிருப்பவரை உரிமையாளரே ஆனாலும் பலவந்தமாக வெளியேற்றக் கூடாது என்று கர்நாடகத்திலிருந்து போன ராமே கவுடா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மேடம் வழக்கே போடவில்லை. இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு நோட்டீஸை வாட்ஸ்அப்பிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பினார். கூடவே, பூட்டுப் போட்ட கதவின் போட்டோ, உள்ளே சாமான் இருப்பதற்குச் சாட்சியாக ஜன்னல் வழியே எடுத்த வீடியோ, கேஸ் சிலிண்டர் ரசீது, குழந்தையின் ஸ்கூல் ஐடியில் இருந்த முகவரி எல்லாம். மறுநாள் காலை ஓனரின் ஆள் வந்து பூட்டைத் திறந்துவிட்டுப் போனார். எனவே லீஸில் இருப்பவர்கள் குடியிருப்பதற்கான சாட்சியங்களைச் சேர்த்து வையுங்கள். கரன்ட் பில், கேஸ், ஆதார் முகவரி, டெலிவரி ரசீதுகூட உதவும். அக்ரிமென்ட் மட்டும் ஃபைலில் இருந்தால் போதாது. நீங்கள் அங்கே வாழ்கிறீர்கள் என்பதைக் காட்ட வேண்டும்.

இந்த வெற்றியில் முதல் மாடி அண்ணனுக்குத் தெம்பு வந்துவிட்டது. "உள்ள இருக்கிற வரைக்கும் நம்மள ஒண்ணும் பண்ண முடியாது" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஓனரைப் பொறுத்தவரை அது உண்மைதான். பேங்க்கைப் பொறுத்தவரை இல்லை. இந்த வித்தியாசம் புரியாமல்தான் லீஸ்காரர்கள் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். அடுத்தவர் சொத்தில் இருப்பவருக்கு உரிமை உண்டா என்று பொதுவாகக் கேட்டால் ஒரு பதிலும் கிடைக்காது. யாருக்கு எதிராக என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் வரும்.

சில மாதம் கழித்து பேங்க் ஆட்கள் இரண்டு பேர் வந்து கேட்டிலும் கடை ஷட்டர் ஓரத்திலும் பசை தடவி நோட்டீஸை ஒட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். சர்ஃபேசி சட்டம் என்று எல்லோரும் சொல்கிற, கடன் பாக்கிக்காக அடமானச் சொத்தைப் பேங்க்கே எடுத்து ஏலம் விட வழிசெய்யும் 2002-ஆம் வருஷச் சட்டத்தின்படி வந்த சுவாதீன அறிவிப்பு. சொத்தைப் பேங்க் சுவாதீனம் எடுத்துக்கொண்டது, பொதுமக்கள் யாரும் இதில் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று இங்கிலீஷிலும் கன்னடத்திலும் இருந்தது. பேப்பரிலும் வந்தது. அண்ணாச்சி, "சுவாதீனம் எடுத்துக்கிட்டோம்ங்கறான், நாமதானே உள்ள இருக்கோம்?" என்றார். நியாயமான கேள்விதான். இந்தக் கட்டத்தில் நடப்பது காகிதத்தில் எடுக்கும் சுவாதீனம். ஆளை வெளியேற்றி உண்மையாகவே எடுக்க வேண்டுமானால், அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்கி, கோர்ட் நியமிக்கும் கமிஷனரும் போலீசும் வருவார்கள். கேட்டில் ஒட்டிய காகிதத்துக்கும் கமிஷனர் வருவதற்கும் இடையில் இருக்கும் காலம்தான் குடியிருப்பவருக்குக் கிடைக்கும் அவகாசம். பயத்தில் பெட்டி கட்டுவதும் தப்பு, சும்மா இருந்துவிடுவதும் தப்பு.

முதல் மாடி அண்ணன் யாரோ சொன்னார்கள் என்று இன்னொரு வக்கீல் மூலம் சிவில் கோர்ட்டில் தடையுத்தரவு கேட்டுப் போனார். பணம் செலவானதுதான் மிச்சம். சர்ஃபேசி விஷயத்தில் சிவில் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்று அந்தச் சட்டத்தின் 34-ஆம் பிரிவே சொல்கிறது. போக வேண்டிய இடம் கடன் மீட்புத் தீர்ப்பாயம், டி.ஆர்.டி. கடன் வாங்கியவர் மட்டுமல்ல, பாதிக்கப்பட்ட யாரும் 17-ஆம் பிரிவில் மனுப் போடலாம். நாற்பத்தைந்து நாள் கெடு. கேட்டில் நோட்டீஸ் ஒட்டிய தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று வக்கீல் மேடம் எங்களிடம் சொன்னது இதற்குத்தான்.

வக்கீல் மேடம் எங்கள் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து, கதை எதுவும் கேட்காமல், "தேதி மட்டும் சொல்லுங்க" என்றார். நாங்கள் குடிவந்த தேதி, பதிவுத் தேதி, கடன் வாங்கிய தேதி, பாக்கியைக் கட்டச் சொல்லி ஓனருக்குப் பேங்க் கொடுத்த டிமாண்ட் நோட்டீஸின் தேதி. ஏனென்றால் 2016-ல் அந்தச் சட்டத்தில் 17(4ஏ) என்று ஒரு உட்பிரிவு சேர்த்தார்கள். குடியிருப்பவர் தனக்கு உரிமை இருக்கிறது என்றால் தீர்ப்பாயம் பார்ப்பவை இவை: லீஸ் காலம் முடிந்துவிட்டதா, சொத்து மாற்றச் சட்டம் 65ஏ-க்கு முரணாக இருக்கிறதா, அடமான ஒப்பந்தத்துக்கு முரணாக இருக்கிறதா, டிமாண்ட் நோட்டீஸ் வந்த பிறகு போடப்பட்டதா.

இதில் லீஸ்காரர்களைக் கவிழ்ப்பது 65ஏ. அடமானம் வைத்த சொத்தை ஓனர் வாடகைக்கு விடலாம் என்று அது ஒத்துக்கொள்கிறது. ஆனால் நியாயமாகக் கிடைக்கக்கூடிய நல்ல வாடகைக்கு விட வேண்டும்; மொத்தத் தொகை வாங்கக் கூடாது; வாடகையை முன்கூட்டி வாங்கக் கூடாது; கட்டடமென்றால் மூன்று வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. இப்போது பெங்களூர் லீஸை நினைத்துப் பாருங்கள். வாடகை கிடையாது, மொத்தத் தொகை உண்டு. திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகை அந்தக் கணக்கில் வராது என்று வாதாடலாம்தான், ஆனால் வாடகையே இல்லாத இடத்தில் நல்ல வாடகைக்கு எங்கே போவது? ஏற்கெனவே பேங்கில் இருக்கும் வீட்டை லீஸுக்கு எடுத்தால், குடியேறும் நாளிலேயே அந்தப் பிரிவுக்கு முரணாகத்தான் குடியேறுகிறோம்.

ஓனர் 2020-ல் கடன் வாங்கியிருந்தார். முதல் மாடிக் குடும்பம் வந்தது 2021. நாங்கள் பதிவு செய்தது 2019. அப்பா போனில் இதைக் கேட்டுவிட்டு, "பஸ்ஸுல முன்னாடியே துண்டு போட்டாச்சு, கையில டிக்கெட்டும் இருக்கு, அப்புறம் என்ன" என்றார். கடனுக்கு முந்திய, பதிவு செய்த, காலம் முடியாத லீஸ் என்றால் பேங்க் அதற்குக் கட்டுப்பட்டுத்தான் அடமானம் பிடித்திருக்கிறது. மும்பையிலிருந்து போன ஹர்ஷத் சொண்டாகர் வழக்கில் 2014-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பின் இன்னொரு முனை முதல் மாடிக்குப் போய்க் குத்தியது: பதிவுப் பத்திரம் இல்லாதவர் ஒரு வருஷத்துக்கு மேல் சுவாதீனம் கேட்க முடியாது. 2019-ல் வந்த பஜ்ரங் அகர்வால் தீர்ப்பும் வாய்மொழி வாடகைக்காரர்களுக்கு இதையேதான் சொல்கிறது.

எங்கள் பதிவு வில்லங்கச் சான்றில் தெளிவாக இருந்தும் பேங்க் எப்படிக் கடன் கொடுத்தது என்று எனக்கு முதலில் புரியவில்லை. தீர்ப்பாயத்தில் பேங்க் தாக்கல் செய்த காகிதங்களில் மதிப்பீட்டு ரிப்போர்ட் இருந்தது. கட்டடம் முழுவதும் ஓனரே குடியிருக்கிறார் என்று அதில் எழுதியிருக்கிறது. ரிப்போர்ட்டோடு இருந்த போட்டோவைப் பார்த்தேன்: தெருவில் நின்று எடுத்தது. இரண்டாம் மாடி பால்கனியில் என் புடவை காய்கிறது. மேடம் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி எங்கள் மனுவோடு சேர்த்தார். அதிலேயே பாதி வாதம் முடிந்துவிட்டது.

தீர்ப்பாயம் இரண்டாம் மாடியைப் பொறுத்தவரை லீஸ் காலம் முடியும்வரை எங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று இடைக்கால உத்தரவு போட்டது. முதல் மாடிக் குடும்பம் அங்கே போட்ட மனு நிற்கவில்லை. கமிஷனர் வந்த அன்று குழந்தையின் பரீட்சையைக் காட்டிக் கொஞ்சம் அவகாசம் கேட்டார்கள். கமிஷனர் மனிதர், கொடுத்தார். அதற்குள் ஒரு ஒற்றை அறை வாடகைக்குப் பார்த்துக்கொண்டு போனார்கள். பதினாலு லட்சத்துக்கு எதிரில் கையில் இருந்தது ஓனர் கொடுத்திருந்த ஒரு செக்.

மாடிப் பெரியவரின் கதை வேறு. அந்த நாட்களில் பக்கத்துத் தெரு டீக்கடையில் யாரோ அவரிடம், "பன்னெண்டு வருஷத்துக்கு மேல இருக்கீங்க, அந்த ரூம் உங்களுக்கே சொந்தம், கேஸ் போடுங்க" என்று ஏற்றிவிட்டார்கள். பாவம், இரண்டு நாள் தூங்கவில்லை. இந்தப் பன்னிரண்டு வருஷக் கதை வாடகை வீட்டுக்காரர்கள் மத்தியிலும் உலவுகிறது, ஓனர்கள் மத்தியிலும் உலவுகிறது. அதனால்தான் சில ஓனர்கள் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுப் பேப்பர் கேட்டு உயிரை எடுக்கிறார்கள். காலவரையறைச் சட்டத்தில் பன்னிரண்டு வருஷம் என்று இருப்பது உண்மை. அரசு நிலமென்றால் முப்பது வருஷம். ஆனால் அது உரிமையாளரை எதிர்த்து, இது என்னுடையது என்று ஊரறிய, இடைவிடாமல் அனுபவித்தவருக்கு. அனுமதியோடு இருப்பவருக்கு எத்தனை வருஷம் ஆனாலும் அந்தக் கணக்கு ஓடாது. வாடகைக்காரர் வீட்டுக்காரரின் உரிமையையே மறுத்துப் பேசவும் முடியாது. வாட்ச்மேன், வேலைக்காரர், வீட்டைப் பார்த்துக்கொள்ள வைத்தவர் எவ்வளவு காலம் தங்கினாலும் சொத்தில் உரிமை வராது என்று கோவாவிலிருந்து போன மரியா மார்கரிடா வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் பச்சையாகவே எழுதிவிட்டது. மேடம் இதைப் பெரியவருக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னபோது அவர் வருத்தப்படவில்லை, நிம்மதியானார். "கேஸ் போடாட்டி ஜெயில்னு சொன்னாங்கம்மா" என்றார்! கமிஷனர் நீங்கள் யார் என்று கேட்டபோது, "மோட்டார் போடறவன் சாமி" என்று சொன்னார். அதையே எழுதிக்கொண்டார்கள். ஏலத்தில் வாங்கியவர் அவரை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். சம்ப் வால்வு எங்கே இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தானே தெரியும்.

அண்ணாச்சிக்குப் பெரிய சிக்கல் இல்லை. மாத வாடகை, அதுவும் ஊர் நிலவரப்படியான வாடகை என்பதால் 65ஏ அவரை உறுத்தவில்லை. பேங்க் அவரிடம் வாடகையை இனி எங்களிடம் கட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்தது. கட்டினார். இப்படிக் கடிதம் வந்தால் அதன்பிறகு ஓனரிடம் கொடுத்த வாடகை கணக்கில் வராது, இரண்டு முறை கட்ட வேண்டிவரும். புது ஓனர் வாடகையை ஏற்றிக் கடையை விட்டுவைத்தார். மாத வாடகைக்காரரைப் பதினைந்து நாள் நோட்டீஸில் காலி செய்யச் சொல்லலாம் என்பதால் அண்ணாச்சியும் பேரம் பேசவில்லை.

ஏல அறிவிப்பில், உள்ளது உள்ளபடி என்ற வழக்கமான வரியோடு, இரண்டாம் மாடியில் குத்தகைதாரர் உரிமை கோருகிறார் என்ற வரியும் இருந்தது. அது இருந்ததால்தான் வாங்கியவர் எங்களிடம் மரியாதையாகப் பேசினார். அவருக்குக் கட்டடம் சீக்கிரம் காலியாக வேண்டும். எங்களுக்கு இன்னும் சில மாதம் இருந்தது. லீஸ் தொகையைப் புது ஓனர்தான் தர வேண்டும் என்று நாங்கள், பழைய ஓனரிடம் கேளுங்கள் என்று அவர். கோர்ட்டுக்குப் போனால் இரண்டு பேருக்கும் வருஷக்கணக்கில் இழுக்கும் என்று மேடம் வெளிப்படையாகவே சொன்னார். கடைசியில் எட்டரை லட்சத்துக்குப் பேசி முடித்தோம். மீதி ஒன்றரை லட்சம் பழைய ஓனரிடம் நிற்கிறது. அது வரும் என்று நான் நினைக்கவில்லை.

பணம் கைமாறிய விதத்தைச் சொல்ல வேண்டும். சப் ரெஜிஸ்ட்ரார் ஆபீஸில் லீஸ் ரத்துப் பத்திரம் எழுதி, டி.டி.யை வாங்கிப் பார்த்து, அதன் எண்ணைப் பத்திரத்திலேயே குறிப்பிட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். பதிவு செய்த லீஸை ரத்தும் பதிவு செய்துதான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்கியவரின் வில்லங்கச் சான்றில் நாங்கள் நின்றுகொண்டே இருப்போம். நம் கையில் இருக்கும் பிடி அதுதான். சாவியையும் அன்றே, கரன்ட் மீட்டர் ரீடிங்கோடு எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தேன்.

இப்போது தெரிந்தவர்கள் யாராவது லீஸ் என்று வந்தால் நான் முதலில் கேட்பது, ஒரிஜினல் பத்திரத்தைக் கண்ணால் பார்த்தீர்களா என்றுதான். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் ஒரிஜினல் பேங்கில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி தளத்தில் வில்லங்கச் சான்று எடுக்கலாம். பரிவர்த்தனை இருந்தால் படிவம் 15, இல்லாவிட்டால் படிவம் 16 வரும். 16 வந்ததும் நிம்மதியாகிவிட வேண்டாம். பத்திரத்தைப் பேங்கில் ஒப்படைத்து வாங்கும் கடன் எல்லா நேரமும் அதில் ஏறுவதில்லை. பேங்குகள் அடமானங்களைப் பதிகிற செர்சாய் என்ற மத்தியப் பதிவேடு இருக்கிறது. சிறு கட்டணம் கட்டி யாரும் தேடலாம். கடன் இருப்பது தெரிந்தும் வீடு பிடித்துவிட்டது என்றால், பேங்கின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அல்லது லீஸ் தொகையை ஓனரின் கடன் கணக்கிலேயே கட்டி, கடன் முடிந்த கடிதம் வாங்கிக்கொண்டு குடியேறலாம். ஒழுங்கான ஓனர் இதற்கு ஒத்துக்கொள்வார். ஒரு ரூபாய்கூட ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். இருபதாயிரமோ அதற்கு மேலோ டெபாசிட்டை ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டமே சொல்கிறது, இதைச் சொன்னால் ஓனரும் வற்புறுத்த மாட்டார்.

இன்னொரு ரகம் இருக்கிறது, இடையில் ஒரு கம்பெனி. ஓனரிடம் மாத வாடகைக்கு எடுத்து, நம்மிடம் மொத்தமாக லீஸ் தொகை வாங்கும். கொஞ்ச நாள் ஓனருக்கு வாடகை போகும், அப்புறம் நிற்கும். ஓனர் கதவைத் தட்டி நீங்கள் யார் என்பார். அங்கே குடியிருப்பவர் கையில் இருக்கும் அக்ரிமென்ட்டில் ஓனர் கையெழுத்தே இருக்காது. ஓனர் நேரில் வந்து, பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, பணமும் அவர் கணக்குக்கே போகாத லீஸுக்கு நான் ஆலோசனை சொல்வதில்லை, வேண்டாம் என்று மட்டும் சொல்வேன்.

முதல் மாடி அண்ணனின் செக் பணமில்லாமல் திரும்பியது. பேங்க் திருப்பிய மெமோ கைக்கு வந்த முப்பது நாளுக்குள் ஓனருக்கு நோட்டீஸ் போக வேண்டும், அது கிடைத்த பதினைந்து நாளில் அவர் பணம் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். செலாவணி முறிச் சட்டத்தின் (நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட்) 138-ஆம் பிரிவு. இந்த முறை அண்ணன் ஒரு தேதியையும் தவறவிடவில்லை, அக்கா காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார். பணத்துக்கான சிவில் வழக்குக்கு மூன்று வருஷக் கெடு இருப்பதால் அதையும் தனியாகப் போட்டிருக்கிறார்கள். ஏமாற்றிய புகாரையும் இந்த முறை ஸ்டேஷனில் வாங்கிக்கொண்டார்கள், கடன் இருப்பதை மறைத்துப் பணம் வாங்கினார் என்று தேதிகளோடு எழுதிக் கொடுத்ததால். ஓனர் இரண்டு லட்சம் கட்டியிருக்கிறார். அடுத்த வாய்தாவுக்கு மேயோ ஹாலுக்கு நானும் சாட்சியாகப் போக வேண்டும்.